8 பிட்டா, 32 பிட்டா? சிறு மைக்ரோகண்ட்ரோலர் தேர்வில் தீராத ஒரு வழக்கு

மின்விசிறி ரிமோட், பம்ப்செட் ஸ்டார்ட்டர், பேட்டரியில் ஓடும் வெப்பநிலை மானி போன்றவற்றுக்குப் பெரிய கணினி எதுவும் தேவையில்லை. சில பின்களைக் கவனிக்க வேண்டும், சிலவற்றை இயக்க வேண்டும், நேரத்தை எண்ண வேண்டும், அவ்வளவுதான். இதற்கு எவ்வளவு சிறிய சிப் போதும் என்ற கேள்வி 1970களிலிருந்தே கேட்கப்பட்டு வருகிறது. இன்று அது பெரும்பாலும் ‘8 பிட் போதுமா, 32 பிட்டுக்குப் போவதா’ என்ற உருவில் வருகிறது. இரு தரப்பிலும் அனுபவமுள்ள பொறியாளர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பும் எண்களைக் காட்டித்தான் பேசுகின்றன.

ஆனாலும் வழக்கு முடியவில்லை. அதற்குக் காரணம், ஒவ்வொரு தரப்பும் வெவ்வேறு பொருளுக்கு விலை போட்டுப் பார்ப்பது. ஒரு காலத்தில் சிலிக்கான் பரப்பு விலை உயர்ந்ததாக இருந்தது. பிறகு நிரலை அழித்து எழுதும் நேரமும், அதன்பின் பொறியாளரின் உழைப்பும் அந்த இடத்துக்கு வந்தன. அண்மைக் காலத்தில் சிப் கைக்குக் கிடைப்பதே அரிதானது. விடைகளை அந்தந்தக் காலத்தோடு வைத்துப் பார்த்தால் முரண்பாடு ஓரளவு விளங்குகிறது.

சிலிக்கானை எண்ணி எண்ணிச் செலவிட்ட காலம்

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1974இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டி.எம்.எஸ். 1000 ஒரு 4 பிட் சிப். நிரலுக்கு 1 கிலோபைட் ரோம் (படிக்க மட்டுமான நினைவகம்), தரவுக்கு 64 நான்கு பிட் சொற்கள். கால்குலேட்டருக்கு அது போதும் என்பதால் யாரும் பெரிதைத் தேடவில்லை. இன்டெல் 1976இல் 8048ஐயும் 1980இல் 8051ஐயும் வெளியிட்டது. 8051இல் 4 கிலோபைட் நிரல் நினைவகமும் 128 பைட் ரேமும் இருந்தன. ஓர் இயந்திரச் சுழற்சிக்கு 12 கடிகாரத் துடிப்புகள் ஆயின. 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் வைத்தால் ஒரு சுழற்சிக்குச் சரியாக ஒரு மைக்ரோவினாடி. அன்றைய பொறியியல் மாணவர்களுக்கு இது மனப்பாடக் கணக்கு.

பின்னாளில் மைக்ரோசிப் விற்ற பிக் சிப் குடும்பத்தின் பிறப்பு இன்னும் எளிமையானது. ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனத்தின் சி.பி. 1600 என்ற 16 பிட் செயலிக்கு உள்ளீட்டு வெளியீட்டு வேலைகளில் துணையாக இருக்கத்தான் அது உருவானது. எஜமான் செயலி மறைந்தது. எடுபிடியாக வந்தது நிலைத்தது.

இந்தத் தலைமுறையின் வடிவமைப்பில் தெரியும் நெருக்கடிகள் எல்லாம் சிலிக்கான் சிக்கனத்தால் வந்தவை. 8051இல் ஸ்டாக் மிகச் சிறியது, ஸ்டாக்கில் உள்ள மாறியை நேரடியாக எட்டும் கட்டளையும் இல்லை. அதனால் அதற்கான சி கம்பைலர்கள் உள்ளூர் மாறிகளை நிலையான முகவரிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின. விளைவாக ஒரே ஃபங்ஷனை முதன்மை நிரலும் இன்டரப்டும் அழைத்தால், தனியாகக் குறிப்பிட்டுச் சொல்லாதவரை, தரவு கலங்கும். சிறு பிக் சிப்களில் ரேமை ‘பேங்க்’ பிரித்து மாற்றி மாற்றி எட்ட வேண்டும். அசெம்பிளியில் எழுதியவர்களுக்கு இவை பழகிப்போன வழிகள். சி மொழியில் வந்தவர்களுக்கு இவை காலை இடறும் கற்கள்.

அழித்து எழுதும் வசதி கொண்டுவந்த மாற்றம்

8 பிட் உலகை உண்மையில் புரட்டிப் போட்டது வேகம் இல்லை, நினைவகத்தின் வகை. அதுவரை நிரலைத் திருத்த வேண்டுமென்றால் கண்ணாடிச் சாளரம் வைத்த விலையுயர்ந்த சிப்பைப் புறஊதா விளக்கின்கீழ் பல நிமிடங்கள் காட்ட வேண்டும். இல்லையேல் ஒருமுறை மட்டும் எழுதும் சிப்பைக் குப்பையில் போட வேண்டும். 1993இல் மைக்ரோசிப் வெளியிட்ட பிக் 16சி84, மின்சாரத்தாலேயே அழித்து எழுதக்கூடிய நிரல் நினைவகத்தோடு வந்தது. அதன் ரேம் 36 பைட்தான். இருந்தும் பொழுதுபோக்காளர்களையும் சிறு பட்டறைகளையும் அது ஈர்த்தது.

அடுத்து வந்தது ஏ.வி.ஆர். நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரில் ஆல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வோலன் என்ற இரு மாணவர்கள் தொடங்கிய வடிவமைப்பை 1990களின் பிற்பகுதியில் ஆட்மெல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 32 பதிவேடுகள், பெரும்பாலான கட்டளைகளுக்கு ஒரே துடிப்பு, உள்ளேயே ஃபிளாஷ். கம்பைலர் எழுதுவோரின் ஆலோசனையும் வடிவமைப்புக்குள் வந்தது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்த ஆர்டுயினோ இதே குடும்பத்தைத் தேர்ந்தெடுத்ததால் ஒரு தலைமுறை முழுக்க ஏடிமெகா 328பி சிப்பின் 32 கிலோபைட் ஃபிளாஷையும் 2 கிலோபைட் ரேமையும் ‘சாதாரண அளவு’ என்று பழகிக்கொண்டது. இன்றும் ‘8 பிட் போதும்’ என்று சொல்வோரில் கணிசமானோர் உண்மையில் சொல்வது ‘எனக்கு ஏ.வி.ஆர். போதும்’ என்பதே. 8051க்கும் ஏ.வி.ஆருக்கும் உள்ள தூரம், ஏ.வி.ஆருக்கும் 32 பிட்டுக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விவாதங்களில் இந்த வேறுபாடு அடிக்கடி காணாமல் போகிறது.

8 பிட் தரப்பின் வலுவான வாதங்கள்

இத்தரப்பின் முதல் வாதம், புரிந்துகொள்ளும் எளிமை. சிறு ஏ.வி.ஆரின் டேட்டாஷீட்டை ஒருவர் சில நாட்களில் முழுதாகப் படித்து முடிக்கலாம். நடுத்தர 32 பிட் சிப்புக்கு டேட்டாஷீட் தனி, குறிப்பேடு தனி, கோர் எனப்படும் செயலிப் பகுதிக்கான கையேடு தனி, பிழைப்பட்டியல் தனி. அந்தக் குறிப்பேடே ஆயிரம் பக்கத்தைத் தாண்டுவது உண்டு. ஒரு பின்னை இயக்குவதற்குமுன் அதன் பகுதிக்குக் கடிகாரத்தைத் திறந்துவிட வேண்டும் என்பதை அறியாமல் தடுமாறாத புதியவர் குறைவு.

இரண்டாவது வாதம் மின்னழுத்தம். இதை 32 பிட் தரப்பு அடிக்கடி இலேசாகக் கடந்துவிடுகிறது. பம்ப்செட் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் காண்டாக்டர் ஒவ்வொரு முறை விடுபடும்போதும் சுருளிலிருந்து மின்னழுத்த எழுச்சி கிளம்புகிறது. நீண்ட கம்பியில் வரும் மிதவை சுவிட்சின் சமிக்ஞையில் இரைச்சல் ஏறுகிறது. 5 வோல்ட்டில் ஓடும் சிப்புக்கு இரைச்சலைப் பொறுக்கும் இடைவெளி 3.3 வோல்ட் சிப்பைவிட அதிகம். டிரையாக்கின் கேட்டையோ மாஸ்ஃபெட்டின் கேட்டையோ இடையில் ஒரு டிரான்சிஸ்டர் இல்லாமல் நேராக இயக்கவும் 5 வோல்ட் உதவுகிறது.

ஆனால் இந்த வாதம் தேய்ந்து வருகிறது. என்.எக்ஸ்.பி.யின் கைனடிஸ் இ வரிசை, சைப்ரஸ் தொடங்கி இன்று இன்ஃபினியான் விற்கும் பிஎஸ்ஓசி 4, ரெனேசாஸின் ஆர்.ஏ.2 போன்ற 32 பிட் சிப்கள் 5.5 வோல்ட் வரை தாங்குகின்றன. 5 வோல்ட் தேவை என்பது உண்மையான காரணம். அதனால் 8 பிட் தேவை என்ற முடிவு தானாக வந்துவிடாது.

மூன்றாவது, நேரத் துல்லியம். ஏ.வி.ஆரில் இன்டரப்ட் வந்து நான்கைந்து துடிப்புகளில் அதைக் கையாளும் நிரலுக்குத் தாவிவிடலாம். ஆர்ம் நிறுவனத்தின் 32 பிட் கார்டெக்ஸ் எம்0 கோருக்கு 16 துடிப்புகள் ஆகின்றன. இந்த எண்ணை மட்டும் காட்டுவது நியாயமாகாது. கார்டெக்ஸ் அந்த 16 துடிப்புகளுக்குள் எட்டுப் பதிவேடுகளைத் தானே ஸ்டாக்கில் சேமித்துவிடுகிறது, ஏ.வி.ஆரில் அதை நிரல் செய்ய வேண்டும். 48 மெகாஹெர்ட்ஸில் 16 துடிப்பு என்பது மைக்ரோவினாடியில் மூன்றில் ஒரு பங்கு. 8 மெகாஹெர்ட்ஸில் 4 துடிப்பு என்பது அரை மைக்ரோவினாடி. மறுபக்கம், வேகமான சிப்பில் ஃபிளாஷ் பின்தங்குவதால் காத்திருப்புத் துடிப்புகள் சேர்கின்றன. வெளி ஃபிளாஷிலிருந்து நிரலை வாசிக்கும் சிப்பில் கேஷ் தவறினால் தாமதம் இன்னும் கூடும். சராசரி வேகம் கூடினாலும், ஒரு கட்டளை எப்போது முடியும் என்ற உறுதி குறைகிறது. துடிப்புகளை எண்ணி நிரல் எழுதும் வழக்கம் அங்கே செல்லாது.

32 பிட் தரப்பும் அது மறைக்கும் செலவும்

ஆர்ம் நிறுவனம் கார்டெக்ஸ் எம்3 கோரை 2004இல் அறிவித்தது. எஸ்.டி. மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் எஸ்.டி.எம். 32 வரிசையை 2007இல் தொடங்கியது. 2009இல் வந்த எம்0 கோர் சுமார் 12,000 கேட்களில் அடங்கும் என்று ஆர்ம் சொன்னது. இந்த எண்தான் பழைய வாதத்தின் அடித்தளத்தை அசைத்தது. சிப்பின் பரப்பில் ஃபிளாஷ், ரேம், அனலாக் பகுதிகள், பின்களுக்கான இணைப்புத் திட்டுகள் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்ட பிறகு, கோர் 8 பிட்டா 32 பிட்டா என்பது விலையை அதிகம் மாற்றவில்லை. 1 டாலருக்குக் கீழ் 32 பிட் சிப்கள் வந்தன. 2012இல் எம்0+ வந்தது. 2022இல் சீனாவின் டபிள்யூ.சி.எச். நிறுவனம் வெளியிட்ட சி.எச். 32வி003 சிப்பில் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பில் ஓடும் 48 மெகாஹெர்ட்ஸ் கோர், 16 கிலோபைட் ஃபிளாஷ், 2 கிலோபைட் ரேம்; விலை சுமார் 10 சென்ட். விலை என்ற ஒரே காரணத்துக்காக 8 பிட்டைப் பற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு இதன்பின் சொல்ல அதிகம் இல்லை.

முழுவதும் அப்படி இல்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். தைவானின் படாக் நிறுவனத்தின் பி.எம்.எஸ். 150சி சுமார் 3 சென்ட்டுக்கு விற்கப்பட்டது. ஒருமுறை மட்டும் எழுதலாம், ரேம் 64 பைட். பொம்மை, விளக்கு, ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவி என்று கோடிக்கணக்கில் செய்யும் பொருள்களில் 10 சென்ட்டுக்கும் 3 சென்ட்டுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. விலையின் அடித்தட்டில் 8 பிட் இன்னும் குடியிருக்கிறது.

32 பிட் தரப்பின் வலுவான வாதம் உழைப்பு. ஏ.வி.ஆரில் மாறா எழுத்துச் சரங்களை ஃபிளாஷிலேயே வைத்து வாசிக்கத் தனி ஏற்பாடு வேண்டும். நிரலுக்கும் தரவுக்கும் முகவரி வெளி வேறு. 16 பிட் எண்ணியை முதன்மை நிரல் ஒரு பைட் வாசித்து, அடுத்த பைட்டை வாசிப்பதற்குள் இன்டரப்ட் அதை மாற்றிவிட்டால் 255க்குப் பதிலாக 511 கிடைக்கும். இது ஆண்டுக்கு ஒருமுறை தலைகாட்டும் பிழை, சோதனையில் சிக்காது. 32 பிட் சிப்பில் இத்தகைய வலைகள் குறைவு. முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது, 64 பிட் நேர எண்ணியில் அதே கதை திரும்புகிறது.

இத்தரப்பு மறைக்கும் செலவு நூலகங்களில் இருக்கிறது. உற்பத்தியாளர் தரும் நூலகத்தோடு ஒரு விளக்கை மினுக்கினால் பல கிலோபைட் போய்விடுகிறது. உருவாக்கிக் கொடுக்கும் கருவியின் நிரலில் பிழை இருந்தால், ஆயிரம் பக்கக் குறிப்பேட்டுக்கே திரும்ப வேண்டும். உழைப்பு மிச்சம் என்பது எல்லாம் சரியாக ஓடும் நாட்களின் கணக்கு.

பேட்டரிக் கணக்கு

‘வேகமாக வேலையை முடி, சீக்கிரம் தூங்கு’ என்பது 32 பிட் தரப்பு அடிக்கடி எடுத்துவைக்கும் வாதம். இதற்கு எதிராக, குறைந்த மின்னோட்டத்துக்கென்றே 1990களில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் உருவாக்கிய 16 பிட் எம்.எஸ்.பி. 430 வரிசையை மறுதரப்பு காட்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 220 மில்லிஆம்பியர்-மணி கொண்ட சி.ஆர். 2032 காயின் செல். நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து அளக்கும் கருவி. 8 பிட் சிப் 4 மில்லிஆம்பியரில் 20 மில்லிவினாடி வேலை செய்கிறது. 32 பிட் சிப் 6 மில்லிஆம்பியரில் 3 மில்லிவினாடி. இரண்டுக்கும் தூக்கத்தில் 1 மைக்ரோஆம்பியர். சராசரி மின்னோட்டம் முறையே சுமார் 2.3, 1.3 மைக்ரோஆம்பியர். காகிதத்தில் சுமார் 11 ஆண்டுக்கு எதிராக 19 ஆண்டு. 32 பிட் அமோக வெற்றி.

இதில் ஒவ்வொரு முறையும் 15 மில்லிஆம்பியரில் 10 மில்லிவினாடி பேசும் ஒரு ரேடியோவைச் சேருங்கள். 5.2 ஆண்டு, 6.6 ஆண்டு என்று இடைவெளி சுருங்குகிறது. தனக்கென்று 5 மைக்ரோஆம்பியர் குடிக்கும் ஒரு மின்னழுத்தச் சீராக்கியையும் சேருங்கள். இரண்டும் 3 ஆண்டுக்குள் அடங்கி, வேறுபாடு சில மாதங்களாகிவிடுகிறது. மலிவான போர்டுகளில் இருக்கும் 1117 வகைச் சீராக்கி சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 5 மில்லிஆம்பியர் எடுக்கும். அந்த போர்டில் எந்தச் சிப்பை வைத்தாலும் காயின் செல் இரண்டு நாளைக்குமேல் தாங்காது.

ஆக, பேட்டரி ஆயுளுக்காகக் கோரைப் பற்றி வாதாடுவது பல வடிவமைப்புகளில் முதல் வேலையாக இருக்க வேண்டியதில்லை. விழித்தெழும் நேரம், தூக்கத்தில் ரேம் நிலைக்குமா, எந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் என்பவை டேட்டாஷீட்டின் முதல் பக்கத்து எண்ணைவிட அதிகம் பேசும்.

அளவுகோல்கள் எதை அளக்கின்றன?

1984இல் வந்த டிரைஸ்டோன் என்ற வேகச் சோதனை நிரல் நீண்ட காலம் ஆண்டது. கம்பைலர்கள் அதைச் சாமர்த்தியமாகச் சுருக்கக் கற்றுக்கொண்டதால் மதிப்பிழந்தது. அதற்கு மாற்றாக ஈ.ஈ.எம்.பி.சி. அமைப்பு 2009இல் கோர்மார்க்கை வெளியிட்டது. பட்டியல்களைத் தேடுவது, அணிகளைப் பெருக்குவது, நிலைமாற்ற இயந்திரம் என்று சற்று நேர்மையான கலவை. ஆனாலும் அது அளப்பது கோரையும் கம்பைலரையும் மட்டுமே. டைமர், ஏ.டி.சி., டி.எம்.ஏ. எதுவும் அதன் கண்ணில் படாது.

இந்தக் குறையை உணர்ந்து செய்யப்பட்ட ஒப்பீடுகளில், அமெரிக்கப் பொறியாளர் ஜே கார்ல்சன் 2017இல் 1 டாலருக்கு உட்பட்ட 21 சிப்களை எடுத்துச் செய்தது குறிப்பிடத்தக்கது. பின்னை மாற்றி மாற்றி இயக்குவது, ஒரு வடிகட்டிக் கணக்கு, மேடை விளக்குகளுக்கான டி.எம்.எக்ஸ். சமிக்ஞையைப் பெறுவது என்று மூன்று வேலைகளை வைத்தார். அதோடு ஒவ்வொரு சிப்பின் மென்பொருள் கருவிகளையும் ஆவணங்களையும் எடைபோட்டார். எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே சிப் இல்லை என்பதே அதிலிருந்து கிடைக்கும் பாடம். இதன் வரம்பும் வெளிப்படை: ஒரே ஆள், ஒரே ஆண்டின் விலைப்பட்டியல். அதற்குப்பின் வந்த ஆண்டுகள் அந்த விலைப்பட்டியலைக் குலைத்துவிட்டன.

கோர் ஒரு பொருட்டே இல்லை என்போர்

மூன்றாவதாக ஒரு நிலைப்பாடு உண்டு: கோரை மறந்துவிடு, டைமர், ஏ.டி.சி. போன்ற சுற்றுறுப்புகளைப் பார். இதற்கு நல்ல சான்று சீனாவின் ஜிகாடிவைஸ் 2019இல் தந்தது. எஸ்.டி.எம். 32எஃப்103 சிப்போடு பெரிதும் ஒத்துப்போகும் தன் ஜி.டி. 32எஃப்103இல் இருந்த ஆர்ம் கோரின் இடத்தில் ரிஸ்க்-ஃபைவ் கோரை வைத்து, சுற்றுறுப்புகளைப் பெரும்பாலும் அப்படியே விட்டு, ஜி.டி. 32வி.எஃப்103 என்று வெளியிட்டது. பயனாளர் நிரலில் பெரும்பகுதி கோரைத் தொடுவதே இல்லை என்பது அப்போது கண்கூடானது. 2024இல் ராஸ்பெரி பையின் ஆர்.பி. 2350 ஒரே சிப்பில் ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் இரண்டையும் வைத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றது.

அதன் முன்னோடியான 2021இன் ஆர்.பி. 2040 இந்த நிலைப்பாட்டுக்கு இன்னொரு துணை. அதில் உள்ள எட்டுச் சிறு நிலை இயந்திரங்கள் பின் வேலைகளைக் கோரின் உதவியின்றித் துடிப்புத் துல்லியத்தோடு செய்கின்றன. 8 பிட் தரப்பு பெருமைப்பட்ட நேர உறுதி இங்கே சுற்றுறுப்பாக மாறிவிட்டது.

இந்நிலைப்பாட்டின் பலவீனம், சுற்றுறுப்புகளும் பிழையற்றவை அல்ல என்பது. ஆர்.பி. 2350இன் முதல் வெளியீட்டில், உள்ளீட்டுப் பின்னைக் கீழிழுக்கும் உள் மின்தடை சில நிலைகளில் வேலை செய்யாமல் கசிவு மின்னோட்டம் பின்னை நடுவில் நிறுத்திவிட்டது. வெளியே ஒரு மின்தடை வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. சிப்பைத் தேர்ந்தெடுக்குமுன் படிக்க வேண்டிய முதல் ஆவணம் விளம்பரத்தாள் அல்ல, பிழைப்பட்டியல் என்று மூத்தவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது.

கையிருப்பு என்ற புது அளவுகோல்

2020 முதல் 2022 வரை நீண்ட சிப் தட்டுப்பாடு எல்லாத் தரப்பையும் ஒருசேர உலுக்கியது. 2021 மார்ச்சில் ஜப்பானில் ரெனேசாஸின் நாகா ஆலையில் பற்றிய தீ நிலைமையை மோசமாக்கியது. சில சிப்களுக்கு ஓராண்டுக்குமேல் காத்திருக்க வேண்டியிருந்தது. சிறந்த சிப் எது என்ற கேள்வி, கிடைக்கும் சிப் எது என்று மாறியது. பின்னுக்குப் பின் ஒத்துப்போகும் மாற்றுச் சிப்கள் எஸ்.டி.எம். 32எஃப்103க்கு இருந்தன, பெரும்பாலான நவீன சிப்களுக்கு இல்லை. 8051க்கு ஒரு காலத்தில் பல நிறுவனங்கள் மாற்று தந்தன என்பதை அப்போதுதான் பலர் மரியாதையோடு நினைத்துப் பார்த்தார்கள்.

உற்பத்தி உறுதிகள் இன்று தேர்வின் ஒரு பகுதி. ஆர்.பி. 2040ஐக் குறைந்தது 2041 வரை தயாரிப்போம் என்று ராஸ்பெரி பை சொல்லியிருக்கிறது. வாடிக்கையாளர் கேட்கும்வரை பழைய சிப்களை நிறுத்துவதில்லை என்ற கொள்கை மைக்ரோசிப்புக்கு உண்டு. உறுதி வேறு, தட்டுப்பாட்டு நாளில் அலமாரியில் சரக்கு இருப்பது வேறு.

எண்ணிக்கை தரும் தீர்ப்பு

மேற்கண்ட நிலைப்பாடுகளில் எது சரி என்பதை அதிகம் தீர்மானிப்பது எத்தனை எண்ணிக்கை செய்யப் போகிறோம் என்பதுதான் என்று தோன்றுகிறது. ஒரு சிப்பில் 10 ரூபாய் மிச்சமானால் ஆயிரம் எண்ணிக்கைக்கு 10,000 ரூபாய். பழகாத கருவிகளோடு ஒரு பொறியாளர் மல்லுக்கட்டும் இரண்டு வாரச் சம்பளம் அதை விழுங்கிவிடும். அதே 10 ரூபாய் பத்து இலட்சம் எண்ணிக்கைக்கு 1 கோடி ரூபாய்; அங்கே 64 பைட் ரேமில் நிரலைத் திணிக்கத் தனி ஆளையே வைக்கலாம். சில நூறு ஸ்டார்ட்டர் பெட்டிகள் செய்யும் பட்டறைக்கு, தேவைக்கு ஒரு படி பெரிய, தன் ஆட்களுக்குப் பழகிய சிப்பே பெரும்பாலும் மலிவு. விவாதங்களில் மோதிக்கொள்ளும் இருவர் தத்தம் உற்பத்தி எண்ணிக்கையை முதலில் சொல்லிக்கொண்டால் பாதிச் சண்டை அங்கேயே முடியக்கூடும்.

இன்னும் தெளியாதவை

இரண்டு விஷயங்களில் இப்போதைக்கு உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. ஒன்று ரிஸ்க்-ஃபைவ். 2010இல் பெர்க்லியில் தொடங்கிய இந்தத் திறந்த கட்டளைத் தொகுப்பு, கோரை உரிமக் கட்டணத்திலிருந்து விடுவித்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி திட்டம் மைக்ரோகண்ட்ரோலர் அளவிலான கோர்களையும் வெளியிட்டது. அங்கே வளர்ந்த மைண்ட்குரோவ் நிறுவனம் 2024இல் 700 மெகாஹெர்ட்ஸ் சிப்பை அறிவித்தது. ஆனால் அது இக்கட்டுரை பேசும் சிறு சிப்களின் வகுப்பைச் சேர்ந்ததல்ல. 10 சென்ட் வகுப்பில் ரிஸ்க்-ஃபைவ் என்றால் இன்று பெரும்பாலும் சீனச் சிப்கள்தான். இவற்றில் இன்டரப்ட் அமைப்பும் பிழைதிருத்த இணைப்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன. கட்டளைத் தொகுப்பு பொதுவாக இருப்பதால் மட்டும் ஒரு சிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது எளிதாகிவிடவில்லை.

இரண்டாவது பாதுகாப்புச் சட்டங்கள். 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டத்தின் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் பொருந்தும். பிணையத்தோடு தொடர்புகொள்ளும் பொருள்களுக்கு, பலவீனங்கள் தெரியவந்தால் மென்பொருளைத் திருத்தி வழங்கும் பொறுப்பு உற்பத்தியாளர்மேல் வருகிறது. கையொப்பம் சரிபார்த்துப் புதிய நிரலை ஏற்க வேண்டுமென்றால் நினைவகம் வேண்டும். பழையதையும் புதியதையும் ஒருசேர வைக்க இரட்டிப்பு ஃபிளாஷ் வேண்டும். தன்னந்தனியாக ஓடும் விளக்குக்கோ கடிகாரத்துக்கோ இது பொருந்தாது. ஆனால் ஒரு ரேடியோ சிப்போடு பேசும் 8 பிட் சிப்பில் இந்தப் பொறுப்பில் எவ்வளவு ரேடியோ சிப்பின் தலையில் விழும், எவ்வளவு சிறு சிப்பின் தலையில் விழும் என்பது, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனங்கள் தங்கள் அடுத்த போர்டை வரையுமுன் கேட்டுத் தெளிய வேண்டிய கேள்வியாக நிற்கிறது.